தன் கையா, பிறர் கையா? – 7: வரைபடம் யாருடையது?

சென்ற பகுதியில் ஐபிஎம்மின் கதையைப் பார்த்தோம். 1981இல் தனிக்கணினியை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவர விரும்பிய அந்த நிறுவனம், செயலியை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கியது. கணினி வென்றது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வெற்றியின் பெரும்பலன் இரண்டு கூட்டாளிகளிடமும் போய்ச் சேர்ந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு இன்னொரு பெரிய நிறுவனம் அதே போன்ற முடிவை எடுத்தது. இந்த முறை வாங்கிய பொருள், வரைபடம்.

2007 ஜனவரி 9. சான் பிரான்சிஸ்கோவின் மாஸ்கோன் மையத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். வரைபடத்தைத் திறந்து, அருகிலிருக்கும் ஸ்டார்பக்ஸ் கடைகளைத் தேடினார். திரையில் ஊசிகள் விழுந்தன. அவற்றில் ஒன்றைத் தொட்டு, மேடையிலிருந்தே அந்தக் கடைக்குப் பேசி 4,000 லாட்டே கேட்டார். பிறகு, தவறான எண் என்று சொல்லி வைத்துவிட்டார். அரங்கம் சிரித்து ஆர்ப்பரித்தது.

அந்த வரைபடச் செயலியின் தோற்றமும் விரல் அசைவுகளும் ஆப்பிளின் கைவண்ணம். திரையில் தெரிந்த வரைபடமும் தேடலுக்கு வந்த விடையும் கூகுளின் சர்வர்களிலிருந்து வந்தவை. அன்று அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. கூகுளின் தலைமை நிர்வாகி எரிக் ஷ்மிட் அதே மேடையில் ஏறி வாழ்த்தினார். அவர் 2006 ஆகஸ்டிலிருந்து ஆப்பிளின் இயக்குநர் குழுவிலும் இருந்தார்.

அந்த நாளின் கணக்குப்படி ஆப்பிளின் முடிவு சரியானது. புதிய கருவி, புதிய தொடுதிரை, புதிய மென்பொருள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு உலகத்தின் சாலைகளை அளக்க ஆளும் இல்லை, அவகாசமும் இல்லை. நண்பரிடம் நல்ல வரைபடம் தயாராக இருந்தது. அதை வாங்கிப் பொருத்துவதே அறிவு.

ஆனால், அந்த நண்பரும் அப்போது இரவல் வரைபடத்தில்தான் இருந்தார் என்பதில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

சாலையை அளந்தவர்கள்

வழிகாட்டும் வரைபடம், பள்ளி அட்லஸிலிருந்து முற்றிலும் வேறானது. எந்தத் தெரு ஒருவழிப்பாதை, எந்தச் சந்திப்பில் இடப்புறம் திரும்பத் தடை, எந்தப் பாலத்தின் உயரம் எவ்வளவு, 40ஆம் எண் வீடு தெருவின் எந்தப் பக்கம் என்று அத்தனையும் அதில் இருக்க வேண்டும். வானிலிருந்து எடுத்த படத்தில் இவை தெரியாது. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த வேலையை உலகளவில் பெரிதாகச் செய்தவை இரண்டு நிறுவனங்கள். ஒன்று, அமெரிக்காவின் நாவ்டெக். இன்னொன்று, நெதர்லாந்தின் டெலி அட்லஸ். அவற்றின் வாகனங்கள் தெருத்தெருவாகப் போயின. உள்ளே இருந்தவர்கள் பலகைகளையும் தடைகளையும் குறித்துக்கொண்டார்கள். இன்று குறித்த சாலை நாளை மாறிவிடும் என்பதால் வேலைக்கு முடிவே கிடையாது. பெயர் தெரியாத இந்த அளவையாளர்களின் பொறுமையின் மேல்தான் இன்றைய டாக்சிச் செயலிகளும் உணவு விநியோகச் செயலிகளும் எழும்பியிருக்கின்றன. தொழில்நுட்ப வரலாற்றில் இவர்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகக் குறைவு.

கூகுள் 2004இல் இரண்டு சிறு நிறுவனங்களை வாங்கியது. சிட்னியில் லார்ஸ், யென்ஸ் ராஸ்முசென் சகோதரர்கள் இருவரும் இரண்டு நண்பர்களும் நடத்திய 'வேர் டூ டெக்னாலஜீஸ்' ஒன்று. செயற்கைக்கோள் படங்களை உருண்டையான பூமியாகக் காட்டிய 'கீஹோல்' மற்றொன்று. 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் வெளிவந்தது. உலாவியில் பிடித்து இழுத்தால் நகரும் வரைபடம் அப்போது பெரும் புதுமை. அந்த இழுப்பும் நகர்வும் கூகுளுடையவை. அடியிலிருந்த சாலைத் தரவோ நாவ்டெக், டெலி அட்லஸ் நிறுவனங்களிடம் உரிமம் பெற்றது.

உரிமத்தில் ஒரு முடிச்சு இருந்தது. தரவு ஒன்றேயானாலும், அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விலை மாறும். திரையில் காட்டுவதற்கு ஒரு விலை. ஓட்டுநருக்கு, 'அடுத்த சந்திப்பில் வலப்புறம் திரும்பவும்' என்று நேரலையில் சொல்வதற்கு வேறு விலை. கார்களில் பொருத்தும் வழிகாட்டிக் கருவிகள் நல்ல லாபத்துக்கு விற்ற காலம் அது. தரவு விற்பவர் அந்த வருமானத்தை எளிதில் விட்டுத்தர மாட்டார். கூகுள் தன் வரைபடத்தைப் பயன்படுத்தும் வெளியாருக்கு விதித்த நிபந்தனைகளிலேயே நேரலை வழிகாட்டலுக்குத் தடை இருந்தது.

இரண்டு விற்பனைகள்

2007இல் நிலைமை சட்டென்று மாறியது. கார் வழிகாட்டிக் கருவிகள் செய்யும் டாம்டாம், தனக்குத் தரவு தரும் டெலி அட்லஸையே விலைக்குக் கேட்டது. போட்டியாளரான கார்மின் அதைவிட அதிக விலை சொன்னது. விலை ஏறி ஏறி, டாம்டாம் 290 கோடி யூரோவுக்கு முடித்தது. இதற்கிடையில், அன்றைய உலகின் மிகப்பெரிய கைப்பேசி நிறுவனமான நோக்கியா நாவ்டெக்கை 810 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2008 நடுவுக்குள் இரண்டு விற்பனைகளும் முடிந்துவிட்டன.

கூகுளின் இடத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கான வேலை மும்முரமாக நடக்கிறது. அவற்றுக்கு வரைபடம் முக்கியம். அதற்கான தரவை விற்கும் இரண்டு பெரிய நிறுவனங்களும் இப்போது இரண்டு கருவித் தயாரிப்பாளர்களின் கையில் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் கைப்பேசியில் நேரடிப் போட்டியாளர். பணம் கொடுத்தால் கிடைத்துவந்த பொருள், இனி போட்டியாளர் மனம் வைத்தால் கிடைக்கும் பொருளாகிவிட்டது.

ஆனால், கூகுள் அந்தக் கட்டத்துக்கு வெறுங்கையுடன் வரவில்லை. 2007 மே மாதமே ஐந்து அமெரிக்க நகரங்களில் 'ஸ்ட்ரீட் வியூ' தொடங்கியிருந்தது. கேமரா பொருத்திய கார்கள் தெருக்களைப் படம்பிடித்தன. பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கை. நிறுவனத்துக்கோ அந்தப் படங்களில் தெருப்பெயர்ப் பலகைகளும் வீட்டு எண்களும் திரும்பத் தடைக் குறிகளும் இருந்தன. அமெரிக்க அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தயாரித்த 'டைகர்' என்னும் சாலைக் கோப்பு எல்லோருக்கும் இலவசம். துல்லியம் குறைந்தாலும் அடித்தளமாக வைத்துக்கொள்ளலாம். 'கிரவுண்ட் ட்ரூத்' என்ற பெயரில் இவற்றையெல்லாம் ஒன்றுசேர்க்கும் வேலை உள்ளுக்குள் நடந்தது. படங்களைப் பார்த்துப் பார்த்துச் சாலைகளைக் கையால் திருத்தப் பெரும் பணியாளர் படையே அமர்த்தப்பட்டது. விற்பனைக்குத் தரவே கிடைக்காத நாடுகளில், உள்ளூர் மக்களே தங்கள் தெருக்களை வரைவதற்காக 2008இல் 'மேப் மேக்கர்' வந்தது. அது கூகுளின் இந்திய அலுவலகத்தில் உருவான கருவி.

2009 அக்டோபரில் பலன் வெளியே தெரிந்தது. அமெரிக்க வரைபடத்திலிருந்து டெலி அட்லஸின் பெயர் மறைந்தது. இனி அது கூகுளின் சொந்த வரைபடம். 'தவறைத் தெரிவிக்கவும்' என்று பயனரை அழைக்கும் வசதி சேர்ந்தது. அதே மாதம் 28ஆம் தேதி, ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரல்வழி வழிகாட்டல் இலவசம் என்று கூகுள் அறிவித்தது. கார்மின், டாம்டாம் பங்குகள் அன்றே கடுமையாகச் சரிந்தன. டெலி அட்லஸை வாங்கிய செலவில் நூறு கோடி யூரோவுக்கு மேற்பட்ட மதிப்பை டாம்டாம் ஏற்கெனவே 2008ஆம் ஆண்டுக் கணக்கிலேயே இழப்பாக எழுதியிருந்தது.

இரவல் தரவோடு தொடங்கிய நான்கு ஆண்டுகள் எட்டு மாதங்களில், மிகக் கடினமான ஒரு சந்தையில் கூகுள் சொந்தக் காலில் நின்றது. அந்த ஆண்டுகளை அது எப்படிக் கழித்தது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் பின்தங்கியபோது

அந்த இலவச வழிகாட்டல் ஐபோனுக்கு வரவில்லை. முந்தைய ஆகஸ்டில் எரிக் ஷ்மிட் ஆப்பிள் இயக்குநர் குழுவிலிருந்து விலகியிருந்தார். கைப்பேசியில் இரு நிறுவனங்களும் நேரடிப் போட்டியாளர்கள் ஆகிவிட்டன. ஐபோன் செயலியில் தன் பெயர் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றும் தன் சேவைகள் சில இடம்பெற வேண்டும் என்றும் கூகுள் கேட்டதாகவும், ஆப்பிள் மறுத்ததாகவும் செய்திகள் வந்தன. எது எப்படியிருந்தாலும் விளைவு ஒன்றுதான்: விலையுயர்ந்த கைப்பேசியை வாங்கியவருக்கு, மலிவான போட்டிக் கைப்பேசியில் இருந்த வசதி கிடைக்கவில்லை.

வசதியைவிடப் பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்தது. கடைக்கு வருபவர் எதைக் கேட்டார், எது இல்லையென்று திரும்பினார் என்பது கடை நடத்துபவருக்குத் தெரியும். கட்டடத்தின் சொந்தக்காரருக்குத் தெரியாது. ஐபோன் என்ற கட்டடம் ஆப்பிளுடையது, வரைபடக் கடையை நடத்தியது கூகுள். கோடிக்கணக்கானவர்கள் ஐபோனில் தேடிய இடங்களும் தேடிக் கிடைக்காத இடங்களும் கூகுளின் சர்வர்களுக்குப் போயின. ஒவ்வொரு தேடலும் ஒரு பாடம். பாடம் படித்தது, சேவையை நடத்தியவர்.

ஒரு சேவையை நாமே செய்வதா, வெளியே வாங்குவதா என்ற விவாதத்தில் பெரும்பாலும் செலவைத்தான் பேசுகிறார்கள். செலவு முக்கியம்தான். ஆனால், நாள்தோறும் பயன்பட்டு அந்தப் பயன்பாட்டாலேயே வளரும் ஒரு சேவையில், அந்த வளர்ச்சி யாரிடம் சேர்கிறது என்பதே முதல் கேள்வி. இயங்குதளத்தில் ஐபிஎம் கேட்கத் தவறியதும் இதே கேள்விதான்.

2012 செப்டம்பர்

ஆப்பிள் கேட்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2009இல் பிளேஸ்பேஸ், 2010இல் கனடாவின் பாலி9, 2011இல் சுவீடனின் சி3 டெக்னாலஜீஸ் என்று வரைபட நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கியது. சி3 நகரங்களை முப்பரிமாணத்தில் காட்டும் கலையில் வல்லது. இவை எல்லாமே வரைபடத்தை அழகாக வரைந்து காட்டும் திறமைகள். தெருவில் இறங்கிச் சரிபார்க்கும் வேலையை மட்டும் ஆப்பிள் வெளியாரிடமே விட்டது. சாலைத் தரவுக்கு டாம்டாமிடம் போனது. கூகுள் அமெரிக்காவில் கைவிட்ட டெலி அட்லஸின் வாரிசுதான் அது. கடைகள், உணவகங்கள், ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றுக்குப் பல நிறுவனங்களின் பட்டியல்கள் சேர்ந்தன.

கூகுளுடனான ஒப்பந்தம் முடிய இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஆப்பிள் காத்திருக்கவில்லை. 2012 செப்டம்பர் 19 அன்று ஐஓஎஸ் 6 வெளிவந்தது. மென்பொருளைப் புதுப்பித்தவர்களின் கைப்பேசிகளில் பழைய வரைபடம் மறைந்து புதியது வந்து உட்கார்ந்தது.

அடுத்த சில நாட்கள் ஆப்பிளுக்கு மிகக் கசப்பானவை. முப்பரிமாணப் பாலங்கள் உருகி வழிந்தவை போலத் தெரிந்தன. பேருந்து, ரயில் தடங்கள் இல்லை. அயர்லாந்தில் டப்ளினுக்கு அருகே 'ஏர்ஃபீல்டு' என்ற பெயருடைய ஒரு பண்ணை, விமான நிலையமாகக் குறிக்கப்பட்டிருந்தது. விமானிகள் ஏமாந்துவிடக்கூடும் என்று அந்நாட்டு அமைச்சரே எச்சரிக்கை விடுத்தார்.

டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த செய்தி இன்னும் கடுமையானது. விக்டோரியா மாநிலத்தின் மில்டுரா நகருக்குக் கிளம்பியவர்களை வரைபடம் 70 கிலோமீட்டர் தள்ளி, மர்ரே–சன்செட் தேசியப் பூங்காவின் நடுவில் கொண்டுபோய் விட்டது. அங்கே தண்ணீர் கிடையாது. வெயில் 46 டிகிரியைத் தொடக்கூடிய இடம். சிக்கியவர்களை மீட்ட காவல்துறை, உயிருக்கே ஆபத்து என்று பகிரங்கமாக எச்சரித்தது.

இந்தப் பிழை எப்படி நேர்ந்தது என்பது இந்தப் பகுதியின் மையமான பாடம். ஆஸ்திரேலியாவின் அதிகாரபூர்வ இடப்பெயர்ப் பட்டியலில் மில்டுரா நகரம் ஒரு பதிவு. மில்டுரா என்ற பெயரையே தாங்கிய பெரிய உள்ளாட்சிப் பகுதி இன்னொரு பதிவு. பரந்த பகுதிக்குக் குறிக்கப்பட்ட நடுப்புள்ளி, ஆளில்லாத பூங்காவுக்குள் விழுந்தது. இரண்டு பதிவுகளும் சரி. எந்தப் புள்ளியைத் தேடி மனிதர்கள் கிளம்புவார்கள் என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். அது எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது. ஆயிரம் பேர் மில்டுரா என்று தேடி எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். பல விற்பனையாளர்களின் தரவை ஒன்றாகக் கொட்டிக் கலக்கும்போது இத்தகைய முரண்கள் ஊருக்கு ஊர் முளைக்கும். அவற்றைத் தீர்க்கும் அனுபவத்தை ஆப்பிள் சேர்க்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக அது வேறொருவரிடம் சேர்ந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் 28 அன்றே ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டிருந்தார். எங்கள் வரைபடம் சீராகும்வரை பிங், மேப்க்வெஸ்ட், வேஸ் போன்றவற்றையோ கூகுள், நோக்கியா வரைபடங்களையோ பயன்படுத்துங்கள் என்று போட்டியாளர்களின் பெயரைச் சொல்லியே வழிகாட்டினார். அக்டோபர் 29 அன்று, ஐஓஎஸ் பிரிவின் தலைவர் ஸ்காட் ஃபார்ஸ்டால் நிறுவனத்தை விட்டுச் செல்வதாக அறிவிப்பு வந்தது. டிசம்பர் 13 அன்று கூகுள் மேப்ஸ், தனிச் செயலியாக ஐபோனுக்குத் திரும்பியது. 48 மணி நேரத்தில் ஒரு கோடிப் பதிவிறக்கங்களைத் தாண்டியது.

மீண்டும் தெருவிலிருந்து

பிறகு ஆப்பிள் செய்ததை மனதாரப் பாராட்ட வேண்டும். கிடைத்த தரவை ஒட்டுப்போட்டுக்கொண்டே போகாமல், முதலிலிருந்து தொடங்கியது. கேமராவும் லேசர் அளவியும் பொருத்திய வேன்கள் 2015இல் தெருவில் இறங்கின. பயனர்களின் ஐபோன்களிலிருந்து பயணத் தடங்கள் துண்டு துண்டாக, தொடக்கமும் முடிவும் நீக்கப்பட்டு, யாருடையது என்று அறிய முடியாதபடி சேகரிக்கப்பட்டன. 2018 ஜூனில்தான் நிறுவனம் இதை வெளியே சொன்னது. நான்கு ஆண்டுகளாக இந்த வேலை நடந்துவந்தது அப்போது தெரிந்தது. முதலில் வடக்குக் கலிஃபோர்னியாவுக்குப் புதிய வரைபடம் வந்தது. அமெரிக்கா முழுவதற்கும் வந்துசேர 2020 ஜனவரி ஆயிற்று. உலகின் பெரும் பணக்கார நிறுவனங்களில் ஒன்றாக இருந்தும், அந்த ஆண்டுகளைப் பணத்தால் சுருக்க முடியவில்லை.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2016 மே மாதம் ஹைதராபாத்தில் வரைபட மேம்பாட்டு மையம் ஒன்றை ஆப்பிள் தொடங்கியது. 4,000 பேர்வரை வேலை பெறுவார்கள் என்றார்கள். அந்த மையத்தில் ஆப்பிளின் கூட்டாளி, புவித்தகவல் துறையின் இந்திய நிறுவனமான ஆர்எம்எஸ்ஐ. ஆக, 'எங்கள் சொந்த வரைபடம்' என்று ஆப்பிள் சொல்லும் பொருளிலும் வெளியாரின் உழைப்பு கலந்திருக்கிறது. இது முரண்பாடு இல்லை. எது சரி, எது தவறு என்று தீர்மானிக்கும் அளவுகோலும், திருத்தங்களிலிருந்து கிடைக்கும் அறிவும் ஆப்பிளிடமே தங்கின. உழைப்பை வெளியே கொடுக்கலாம்; தீர்ப்பைக் கொடுக்கக் கூடாது.

பின்னால் வந்தவர்கள்

வரைபடத்துக்கு ஒருவரையே நம்பியிருப்பதன் அச்சம் பிறகு பலரிடமும் பரவியது. 2015இல் ஔடி, பிஎம்டபிள்யூ, டெய்ம்லர் ஆகிய ஜெர்மன் கார் நிறுவனங்கள், தங்களுக்குள் இருக்கும் போட்டியைத் தள்ளிவைத்து, நோக்கியாவின் 'ஹியர்' வரைபடப் பிரிவைக் கூட்டாக 280 கோடி யூரோவுக்கு வாங்கின. முன்பு நாவ்டெக்காக இருந்தது அதுதான். 2016 முதல் 2018 வரையிலான மூன்று ஆண்டுகளில் கூகுள் மேப்ஸுக்காகச் சுமார் 5.8 கோடி டாலர் கொடுத்ததாக ஊபர் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தில் கணக்குக் காட்டியது. 2024 ஜூலையில் இந்தியாவின் ஓலா, கூகுள் மேப்ஸை விட்டுச் சொந்த வரைபடத்துக்கு மாறிவிட்டதாகவும் ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் மிச்சம் என்றும் அறிவித்தது. சில நாட்களிலேயே கூகுள் இந்திய நிறுவனங்களுக்கான கட்டணத்தை 70 சதவீதம்வரை குறைப்பதாகச் சொன்னது. மாற்று வழி ஒன்று இருப்பதே விலையைக் குறைக்கும் ஆயுதம்.

2022 டிசம்பரில் மூன்றாவது பாதை ஒன்றும் திறந்தது. அமேசானின் கிளவுட் பிரிவு, மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் ஆகியவை சேர்ந்து ஓவர்ச்சர் மேப்ஸ் அறக்கட்டளையை நிறுவின. அடிப்படைத் தரவைக் கூட்டாக உருவாக்கி எல்லோருக்கும் திறந்துவிடுவது, அதன் மேல் கட்டும் சேவைகளில் போட்டியிடுவது என்பது திட்டம். ஸ்டீவ் கோஸ்ட் 2004இல் தொடங்கி, உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உழைப்பு அதற்கு ஒரு பெரிய ஆதாரம்.

இப்போது இரண்டு நிறுவனங்களையும் அருகருகே வையுங்கள். இரண்டுமே பிறர் தரவோடு தொடங்கின. இரண்டுக்கும் தோராயமாக ஒரே அளவு அவகாசம்: கூகுளுக்கு நாலரை ஆண்டுகளுக்குச் சற்று மேல், ஆப்பிளுக்கு ஐந்தே முக்கால். பிறர் தரவை வைத்துச் சேவையை நடத்திக்கொண்டே கூகுள் தெருவில் இறங்கிக் கற்றது; கற்று முடித்த இடத்தில் மட்டும் விற்பனையாளரை விட்டது. ஆப்பிள் விலகியே ஆக வேண்டும் என்ற கட்டத்தை முதலில் எட்டியது. கற்பதைப் பிறகு தொடங்கியது. 2007இல் வெளியே வாங்கியது சரி. 2012இல் சொந்தமாக்க விரும்பியதும் சரி. இரண்டுக்கும் நடுவே செய்திருக்க வேண்டிய வேலை செய்யப்படவில்லை.

அந்தக் குறையின் விலையை முதலில் கொடுத்தவர்கள், பாலைவனம் போன்ற பூங்காவில் தண்ணீரின்றி நின்ற சாதாரண மனிதர்கள். ஒரு நிறுவனம் இன்னொன்றைச் சார்ந்திருப்பதும் விலகுவதும் அதன் உரிமை. ஆனால், லட்சக்கணக்கானவர்கள் நம்பிப் புறப்படும் ஒரு சேவையைக் கைமாற்றும்போது, புதிய கை தேறிவிட்டதா என்று பார்த்த பிறகே பழைய கையை விட வேண்டும். வணிகக் கணக்குக்கு அப்பாற்பட்ட கடமை அது.

அடுத்த பகுதியில் நெட்ஃப்ளிக்ஸ். 2008இல் தன் தரவுத்தளம் பழுதானதும், தன் கணினிக் கூடங்களை மூடிவிட்டு எல்லாவற்றையும் அமேசானின் கிளவுடுக்கு மாற்ற அது முடிவெடுத்தது. அதே அமேசான் காணொளிச் சேவையில் அதன் நேரடிப் போட்டியாளர். இருந்தும், படங்களை வீட்டுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தை மட்டும் சொந்தப் பெட்டிகளைக் கொண்டு தானே செய்தது. எதைக் கொடுத்தது, எதை வைத்துக்கொண்டது, ஏன் என்று பார்ப்போம்.